முப்பத்தேழாம் பக்கத்துக் கட்டைவிரல்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் மகளும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போன இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. உங்கள் மேல்வீட்டு அம்மாளுக்குப் போன் செய்து விசாரித்தேன். "இருக்காரும்மா, கதவு திறந்துதான் இருக்கு, ஆளைத்தான் வெளிய பாக்க முடியல" என்றார். அண்ணி போய் வருடம் திரும்பப் போகிறது. இன்னும் எத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள்? உங்களோடு பேசலாம் என்றால் அந்தக் காது ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. போன தடவை "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா" என்று போனில் நான் கத்தியதில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக "ஆச்சும்மா" என்று பதில் சொன்னார். அதனால் கடிதமே மேல்.

ஒரு செய்தி. எங்கள் நூலகத்துப் பழைய புத்தகங்களை இணையத்தில் திறந்துவிட்டார்கள். கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. யாரும் பார்க்கலாம், படியெடுக்கலாம், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் அறிவைப் பற்றிப் பேசினார்கள். படம் பிடித்த நாங்கள் கடைசி வரிசையில் நின்று கேட்டோம். நாற்காலி போதவில்லை.

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். தொட்டில் மாதிரி ஒரு தாங்கி, அதில் புத்தகத்தை விரித்து வைக்க வேண்டும். மேலே இரண்டு கேமரா, கீழே ஒரு கால்மிதி. பக்கத்தைத் திருப்பு, ஓரத்தை விரலால் பிடி, மிதி. திரும்பவும் திருப்பு, பிடி, மிதி. கண்ணாடி வைத்து அழுத்தினால் பழைய தாள் நொறுங்கிவிடும், அதனால் விரல்தான். வீட்டில் தட்டுக் கழுவும்போதுகூட என் கால் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது என்று மகள் சிரிக்கிறாள்.

முகவரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணியின் கணினி சும்மாதானே கிடக்கிறது? ஒரு நாள் திறந்து பாருங்கள். அச்சகத்தில் வாழ்நாளெல்லாம் பிழை திருத்திய கண் உங்களுடையது. அதற்கும் தீனி வேண்டாமா?

வேளைக்குச் சாப்பிடுங்கள். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

ஜனவரி 30

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

கணினிமேல் உன் அண்ணி போட்ட துணி அப்படியே இருக்கிறது. மதிப்பெண் பட்டியல் போட்டு முடித்ததும் தினமும் மூடிவைப்பாள், பள்ளிக்கூடத்துப் பழக்கம். எடுக்க மனம் வரவில்லை. பிறகு பார்ப்போம். மருமகளுக்கு என் ஆசி.

அண்ணன்

*

பிப்ரவரி 18

அன்புத் தங்கைக்கு,

நீ பதில் எழுதுமுன் நானே எழுதுகிறேன், ஆச்சரியப்படாதே. நலம். நிஜமாகவே கொஞ்சம் நலம்.

போன வாரம் மின்வெட்டு வந்து, திரும்ப மின்சாரம் வந்தபோது அந்தக் கணினி தானாக உயிர்பெற்றுத் துணிக்கடியில் மினுமினுத்தது. அணைக்கத்தான் துணியை எடுத்தேன். எடுத்தது எடுத்தாயிற்று என்று நீ கொடுத்த முகவரியைத் தட்டினேன். பழங்களைப் பற்றிய ஒரு பெரிய புத்தகம் முதலில் வந்தது. மாதுளை, அத்தி, எலுமிச்சை என்று பக்கத்துக்குப் பக்கம் கையால் வரைந்த வண்ணப்படம். சாயம்கூட மங்கவில்லை.

முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு மாதுளை, பிளந்து வைத்தது. அதன் அடிஓரத்தில் ஒரு கட்டைவிரல். நகம் நடுவே இரண்டாகப் பிளந்து மேலே கோணலாக வளர்ந்திருக்கிறது. தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊசி ஏறி, கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று நின்றாயே, அந்த விரல். உலகத்தில் வேறு யாருக்கு இப்படி ஒரு நகம் இருக்கும்? திரையைத் தொட்டுப் பார்த்தேன். கிழவன் புத்தி.

அன்றைக்கு எழுந்து குளித்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். மேல்வீட்டு அம்மாள் மாடிப்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

இப்போது தினமும் காலையில் உட்கார்ந்து உன் விரலைத் தேடுகிறேன். கப்பல் புத்தகத்தில் இருக்கிறது, பறவைப் புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே "பிழை கண்டால் தெரிவிக்க" என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அதைப் பற்றி இதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை. பெட்டியைத் திறக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் கையுறை போடு.

அண்ணன்

*

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தை மகள் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். நீங்கள் கடைக்குப் போன வரி வந்ததும் நான் அழுதேன், அவள் என்னைத் திட்டினாள்.

இங்கே ஒரு வேடிக்கை. பிழைப் பெட்டியில் ஒரு வாசகர் விழுந்து விழுந்து எழுதுகிறார். பெயர் போடுவதில்லை. மற்றவர்கள் "பக்கம் மங்கல்", "எழுத்துத் தெரியவில்லை" என்று புகார் எழுதுவார்கள். இவர் எழுதுவது இப்படி: "பழங்கள் நூல், பக்கம் 37. கீழ் ஓரத்தில் பெருவிரல் உள்ளது. வாசிப்புக்கு இடையூறு இல்லை. இருக்கட்டும்." அடுத்த நாள் கப்பல் புத்தகம், பெருவிரல் உள்ளது, இருக்கட்டும். பறவை, இருக்கட்டும். எங்கள் பிரிவில் அவருக்கு "இருக்கட்டும்காரர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்து மேஜையில் இருக்கும் தும்மல்காரர் (புத்தகத் தூசி அவருக்கு ஆகாது, நாள் முழுக்கத் தும்முவார்) நேற்று, "பிழையைச் சொல்லிட்டு இருக்கட்டும்னும் சொல்றாரே, இவர் என்ன புகார் கொடுக்கிறாரா, கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் பண்றாரா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு அச்சகத்தில் இப்படி ஒரு பழக்கம் உண்டு. தப்பாகக் கோடு போட்டு அடித்துவிட்ட சொல்லுக்கு அடியில் புள்ளி வைத்து, ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவார்கள். அடிக்காதே, விட்டுவிடு என்று அர்த்தம். யாரோ அந்தக் காலத்து ஆள் போலிருக்கிறது, பாவம்.

அவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எழுதட்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

நலம். அந்த "யாரோ" இரண்டு வேளையும் சாப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். இராத் தூக்கமும் பரவாயில்லையாம்.

விளையாட்டு இருக்கட்டும், ஒன்று கேட்கிறேன். போன வருடம் எடுத்த புத்தகங்களில் உன் விரல் தாளின் ஓரத்தோடு ஓரமாக நிற்கிறது. பழப் புத்தகத்தில் சற்று உள்ளே வருகிறது. பிப்ரவரியில் ஏற்றிய நட்சத்திரப் புத்தகத்தில் எழுத்துமேலேயே படுத்திருக்கிறது. நுனியால் அழுத்தாமல் விரலை முழுதாகச் சாய்த்து வைத்திருக்கிறாய். ஒரு பக்கத்தில் மூன்று வரியே மறைந்து கிடக்கிறது. நீ இப்படிச் செய்கிறவள் இல்லையே. பொத்தான் தைத்தால்கூட நூல் தெரியாமல் தைப்பவள்.

கையில் என்ன? மழுப்பாமல் எழுது.

அண்ணன்

*

மே 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வேலை அதிகம். நாங்கள் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல்.

கையில் ஒன்றுமில்லை. விளக்குச் சூட்டில் நாள் முழுக்க நின்றால் யாருக்கும் விரல் மரத்துப்போகும். ஜாடி மூடி திறக்க மகளைக் கூப்பிடுகிறேன், அவ்வளவுதான். வயது ஆகவில்லையா? உங்களுக்குக் காது, எனக்கு விரல். அப்பா சொத்துப் பிரிக்காமல் போனார், நாம் பிரித்துக்கொண்டோம்.

எங்கள் பிரிவுக்குப் புதுத் தலைவி வந்திருக்கிறார். சின்னப் பெண், கெட்டவள் இல்லை. எதையும் அட்டவணையாகப் போட்டுப் பார்த்தால்தான் அவளுக்குப் புரியும். திங்கட்கிழமை கூட்டத்தில் பெட்டிக் குறிப்புகளை வாசிக்கிறாள். இரண்டு வாரமாக இருக்கட்டும்காரரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. "என்ன ஆச்சு அவருக்கு? உடம்பு சரியில்லையோ?" என்று தும்மல்காரர் கேட்டார். அன்று மாலையே மேல்வீட்டு அம்மாளுக்குப் போன் செய்தேன். உங்களுக்குச் சளி என்றார். சளி என்றால் சொல்லக் கூடாதா?

குணமானதும் அவரை எழுதச் சொல்லுங்கள். நிறுத்தவே கூடாது. பெட்டியில் அவர் குறிப்பு விழுந்தால்தான் எனக்கு அன்றைய பொழுது விடிகிறது.

உங்கள் தங்கை

*

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

சளி போய்விட்டது. எழுதத் தொடங்கியாயிற்று. நீ சொன்ன பிறகு ஒரு நாள் தவறவிடவில்லை, விடுபட்டதற்கும் சேர்த்து எழுதிவிட்டேன்.

இன்று ஏற்றியிருக்கும் பாலங்கள் புத்தகத்தில் வேறு விரல் இருக்கிறது. தடித்த விரல், நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறது, ஆண்பிள்ளை விரல். போன வாரத்து இரண்டு புத்தகத்திலும் அதே விரல். எல்லாம் சுத்தமாக ஓரத்தில் நிற்கிறது. ஒரு குறையும் இல்லை.

நீ எங்கே?

அண்ணன்

*

ஜூலை 9

தங்கைக்கு,

பதில் இல்லை. போன் செய்தேன், யாரோ எடுத்தார்கள், ஏதோ சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை. "உயிரோட இருக்காளா" என்று கத்தினேன். அதற்கும் ஏதோ சொன்னார்கள்.

எழுது.

அண்ணன்

*

ஜூலை 16

மாமாவுக்கு,

வணக்கம். அம்மா உயிரோடு இருக்கிறார். அன்றைக்குப் போனை எடுத்தது நான்தான். "இருக்காங்க, இருக்காங்க" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேல்வீட்டு ஆன்ட்டி வந்து சொல்லியிருப்பார் என்று நினைத்தேன், அவர் ஊரில் இல்லையாம். மன்னிக்க வேண்டும்.

அம்மா எழுத வேண்டாம் என்றார். நான் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அவருக்குத் தெரியாமல் எழுதுவது இது.

போன வருடக் கடைசியிலிருந்தே அம்மாவின் வலது கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. மணிக்கட்டில் நரம்பு இறுகிவிட்டதாம். விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். பக்கத்தைத் திருப்பும்போது புத்தகத்தைப் பார்ப்பாரா, விரலைப் பார்ப்பாரா? அது பாட்டுக்கு எழுத்துமேல் போய்ப் படுத்துக்கொண்டது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று அலுவலகத்தில் சொல்லவில்லை. அவருடையது வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. ஓய்வூதியம் கிடைக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. எப்படியாவது இழுத்துவிடலாம் என்று நினைத்தார். இழுத்திருக்கவும் முடியும். லட்சக்கணக்கான பக்கத்தில் யார் ஒரு விரலைத் தேடப் போகிறார்கள்?

நீங்கள் தேடினீர்கள், மாமா.

நீங்கள் "இருக்கட்டும்" என்று எழுதினீர்கள். அந்தத் தலைவிக்கு அதெல்லாம் தெரியாது. நூலின் பெயர், பக்க எண், பெருவிரல் என்று நீங்கள் எழுதியதை அப்படியே அட்டவணையாக்கினாள். ஒவ்வொரு புத்தகத்தையும் யார் எடுத்தது என்று அவர்களிடம் பதிவு இருக்கிறது. எல்லாம் ஒரே இருக்கையில் போய் நின்றது. அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இதைப் பாத்துட்டு நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாளாம். கையை நீட்டச் சொன்னாளாம். அம்மா நீட்டினாராம். ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொன்னாளாம், அது நழுவிவிட்டதாம்.

போன மாதம் மணிக்கட்டைக் கீறி நரம்பை விடுவித்தார்கள். வலி போய்விட்டது. உணர்ச்சி வருமா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். ரொம்பத் தாமதமாக வந்துவிட்டீர்கள் என்று மட்டும் சொன்னார்.

உங்கள் முதல் குறிப்பு வந்த அன்றே அம்மா "இது உங்க மாமா" என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார். இரண்டாவது வாரமே எனக்குப் பயம் வந்தது. "ஒரு வரி எழுதி நிறுத்தச் சொல்லும்மா, உனக்குத்தான் ஆபத்து" என்று சண்டை போட்டேன். "அண்ணி போனப்புறம் அவர் எந்திரிச்சு உக்காந்ததே இதுக்குத்தான்டி. அதை நான் பிடுங்கணுமா?" என்றார். இரண்டு வாரம் நீங்கள் எழுதாதபோது நான் நிம்மதியாக இருந்தேன். அவர் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

முதலில் உங்கள்மேல் கோபமாக இருந்தது. இப்போது களைப்புதான் இருக்கிறது. கடை மூடும் நேரம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

*

ஆகஸ்ட் 3

அன்புத் தங்கைக்கு,

மருமகள் எழுதினாள். அவளைக் கோபிக்காதே.

எத்தனை தடவை உட்கார்ந்து எழுதிக் கிழித்தேன் என்று தெரியாது. அச்சகத்தில் நான் "இருக்கட்டும்" என்று எழுதினால் அச்சுக்கோப்பவன் கையை எடுத்துவிடுவான். நான் கடைசியாக அந்த அறையை விட்டு வெளியே வந்து எத்தனையோ வருடம் ஆகிறது, ஆனால் உலகம் முழுக்க இன்னும் அந்த அறைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் விரலைக் காப்பாற்றுகிறேன் என்று தினமும் காலையில் காபி ஆறிப்போகிற வரை உட்கார்ந்து உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

உங்கள் தலைவிக்கு நான் எழுதட்டுமா? எல்லாம் என் தவறு என்று எழுதுகிறேன். வேண்டுமானால் நேரில் வந்து நிற்கிறேன். பயணம் தாங்குமா என்று கேட்காதே.

பெட்டிக்கு இனி எழுத மாட்டேன். கணினியைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

வலி எப்படி இருக்கிறது?

அண்ணன்

*

செப்டம்பர் 12

அண்ணாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலி இல்லை. விரல் என்னுடையது மாதிரி இல்லை. பக்கத்து வீட்டு விரல் மாதிரி இருக்கிறது.

தலைவிக்கு எழுத வேண்டாம். நேரில் வரவும் வேண்டாம். காட்டிக்கொடுத்தது நீங்கள் இல்லை. மூன்று வரி மறைந்த பக்கத்தை யாராவது ஒரு நாள் திறந்திருப்பார்கள். எனக்கே அந்தப் பக்கத்தை நினைத்தால் தூக்கம் வராது. சொல்லாமல் மறைத்தது நான்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பிழைப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஜன்னல் ஓரம். வாசகர் குறிப்பு வந்தால் சரிபார்த்துப் பதில் போட வேண்டும். டிசம்பர் வரை. அப்புறம் புதுப்பிப்பார்களா என்று தெரியாது.

விரல் தெரியும் படங்களை இயந்திரமே துடைத்து ஏற்றுகிறது. பழங்கள் புத்தகமும் முடிந்தது. மாதுளைக்கு அடியில் இப்போது வெறும் தாள்தான். சுத்தமாக இருக்கிறது.

ஆகஸ்டிலிருந்து பெட்டியில் ஒன்றும் விழுவதில்லை. எப்போதாவது ஒன்று. நேற்றுத் தலைவி நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வரலைன்னா இந்த மேஜைக்கு ஒரு ஆள் எதுக்குன்னு மேல கேப்பாங்களே" என்றாள். அவளுக்கே சங்கடம்.

எனக்கு உதவி செய்ய நினைத்தால் துணியை எடுங்கள். உங்கள் கண்ணுக்குப் படாத பிழையா? சாய்ந்த பக்கம், விடுபட்ட பக்கம், தலைகீழ்ப் படம், எல்லாம் கிடக்கிறது. ஆயிரக்கணக்கில் கிடக்கும். நாங்கள் அவசரத்தில் எடுத்தோம். எழுதுங்கள். இந்தத் தடவை இருக்கட்டும் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கை ஓய்ந்துவிட்டது.

தங்கை

*

அக்டோபர் 21

அன்புத் தங்கைக்கு,

உன் இடது கை எழுத்தை நான் வாசித்துவிட்டேன். இதைவிட மோசமான கையெழுத்தெல்லாம் பார்த்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அச்சேற்றியிருக்கிறேன்.

துணியை எடுத்துவிட்டேன். குறிப்புகள் வந்துகொண்டிருக்கும், பார்த்திருப்பாய். நூறு வருடத்துக்கு முந்தைய தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்று எடுத்தீர்களே, அது ஒன்றே உனக்கு ஜனவரி வரை வரும். எடுத்தது யார்? தும்மல்காரரா? ஒரு பக்கம் ஆடியிருக்கிறது, அடுத்ததும் ஆடியிருக்கிறது, அதற்கடுத்தது இல்லவே இல்லை. மனிதர் தும்மிய இடமெல்லாம் எனக்குத் தெரிகிறது.

ஒரு விஷயம் நடந்தது. எங்கள் தெருமுனை டீக்கடையில் மேஜைகளுக்குப் புது பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் விரிப்பு, மேலே பழப் படங்கள். கண்ணாடித் தம்ளரைத் தூக்கினேன், அடியில் பிளந்த மாதுளை. நம் புத்தகத்து மாதுளை. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் திறந்துவிட்டதை எந்த ஊரிலோ ஒரு விரிப்புக் கம்பெனி எடுத்துக்கொண்டிருக்கிறது. துடைப்பதற்கு முன்னாலேயே எடுத்திருக்கிறார்கள். மாதுளைக்கு அடியில் உன் கட்டைவிரல், கோணல் நகத்தோடு. ஒரு விரிப்பில் அந்த மாதுளை எட்டோ பத்தோ தடவை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அடியில் நீ. நான்கு மேஜையிலும் நீ.

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. கடைக்காரர் ஈரத்துணியோடு ஓடிவந்தார். "கறைங்களா சார்? தேச்சாலும் போக மாட்டேங்குது" என்று விரலைத் தேய்த்தார்.

"கறையில்லப்பா, என் தங்கச்சி" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கூடக் கொஞ்சம் சர்க்கரை போட்டு இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது தினமும் சாயங்காலம் அங்கேதான். அவருக்கும் விஷயம் தெரியும். அந்த ஓரத்தில் தம்ளர் வைக்க மாட்டார்.

இன்று காலை பெட்டியில் ஒன்று போட்டிருக்கிறேன். இருக்கட்டும் என்று எழுதவில்லை, பயப்படாதே. உன் மேஜைக்கு வரும்.

மருமகளுக்கு என் அன்பு. கையை வெந்நீரில் வைக்கிறாயா?

அண்ணன்

*

நவம்பர் 4

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். எங்கள் திறந்த நூல்தொகுப்பைத் தொடர்ந்து பயன்படுத்தி வருவதற்கு நன்றி.

"பழங்கள் நூல், பக்கம் 37. கீழ் ஓரத்தில் முன்பு பெருவிரல் இருந்தது. இப்போது காணவில்லை. விடுபட்டுள்ளது, சேர்க்கவும்" என்ற தங்கள் குறிப்பு கிடைத்தது. மூலப்படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். தாங்கள் சொல்வது உண்மை. விரல் இருந்தது.

திருத்தி ஏற்றிய படத்தைப் பழையபடி மாற்ற இந்த மேஜைக்கு அதிகாரம் இல்லை. ஆனால் முன்பே வெளியான படிகள் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை எங்கே கண்டாலும் வாசகர் வைத்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தோட்டக்கலைப் பத்திரிகை பற்றித் தாங்கள் அனுப்பிய குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். பதில் எழுதுபவர் ஒரு கையால் எழுதுவதால் தாமதமாகும். குறிப்புகள் நிறைய இருப்பதால் இந்த மேஜையை அடுத்த ஜூன் வரை வைத்திருக்க இன்று ஒப்புதல் வந்தது. அதற்குமேல் இப்போது எதுவும் சொல்வதற்கில்லை.

டீயில் சர்க்கரையைக் குறைக்கவும். சாப்பிட்டுவிட்டு எழுதவும்.

இப்படிக்கு,
பிழைப் பெட்டி மேஜை